பழைய லொறிக்கு என்ன வர்ணம்?

பழைய பொருள்களைப் பற்றிய பேச்சு வந்துவிட்டால் நம்மவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். “இதை இன்னும் எதற்காக வைத்திருக்கிறீர்கள்? இரும்புக்காரனுக்குப் போட்டுவிடுங்கள்” என்பது ஒரு கட்சி. “தொடாதே, அது தாத்தா வைத்தது” என்பது மற்றக் கட்சி. இவ்விரு கட்சிகளுக்கும் நடுவே, பழையதைப் பழுதுபார்த்து மறுபடியும் உயிர்ப்பிக்க முயலும் மூன்றாவது கூட்டம் ஒன்றும் உண்டு. ஊரார் இவர்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். வீட்டார் பெருமூச்சு விடுவார்கள். இந்த வாரம் அக்கூட்டத்தைப் பற்றி எழுதத் துணிகிறேன். ஏனெனில் ஓராண்டுக்கும் மேலாக நானும் அதில் ஒருவன்.

என் மைத்துனரின் வீடு கலவானைக்கு அண்மையில், பழைய இறப்பர்த் தோட்டம் ஒன்றின் எல்லையில் இருக்கிறது. கலவானையின் மழையை அறிந்தவர்களுக்கு நான் அதிகம் சொல்லவேண்டியதில்லை. சிங்கராஜ வனத்துக்கு அயலூர் அது. கொடியிலே போட்ட துணி உலருமுன் கொடிக்கம்பி துருப்பிடித்துவிடும் என்று என் மனைவி வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அத்தகைய மழைநாட்டில், தகரக் கொட்டகை ஒன்றின் கீழே, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு லொறி நின்றுகொண்டிருந்தது. அதன் ஆசனத்தில் கோழிகள் அடைகாத்தன. சட்டத்தில் விறகு அடுக்கப்பட்டிருந்தது. 2017 ஆம் ஆண்டு மே மாத இறுதியில், குக்குளே கங்கைப் பகுதியில் ஒரே நாளில் 500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டி மண்சரிவும் வெள்ளமும் ஊரைக் கலக்கியபோது, சேற்று நீர் அந்த லொறியின் அச்சு வரையில் ஏறி இறங்கியது. அதன்பின் கோழிகளும் அதைக் கைவிட்டன.

அது சாதாரண லொறியன்று. இரண்டாம் உலக யுத்தத்துக்காகச் செய்யப்பட்ட இராணுவ லொறி. என் மாமனார் தோட்டத்தில் லொறிச் சாரதியாக இருந்தவர். 1957 ஆம் ஆண்டில் கிளீனர் பையனாக அதில் ஏறியவர், சில ஆண்டுகளில் சாரதியானார். 1975 ஆம் ஆண்டில் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது, பழசு என்று கழித்துவிடப்பட்ட அந்த வண்டியைத் தம் சேமிப்பைக் கொடுத்து வாங்கிக்கொண்டார். சில காலம் வாடகைக்கு ஓட்டினார். 1982 ஆம் ஆண்டில் எஞ்சின் இறுகி நின்றது; அப்படியே நின்றுவிட்டது. மாமாவுக்கு இன்று வயது 85 ஐக் கடந்துவிட்டது. கண்பார்வை மங்கிவிட்டது, நினைவு மங்கவில்லை.

சென்ற ஆண்டு ஒரு நாள் என் மைத்துனர் என்னிடம் வந்து, “மச்சான், கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். லொறியை ஓடும் நிலைக்குக் கொண்டுவந்து, இராணுவப் பச்சை பூசி, வெள்ளை நட்சத்திரமும் போட்டுக் கொடுத்தால் நல்ல விலை தருகிறாராம். உல்லாசப் பயணிகள் தங்கும் ஹோட்டல் வாசலில் வைக்கப் போகிறாராம்” என்றார். மூத்த மகளின் படிப்புச் செலவு அவர் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த நேரம் அது. எஞ்சின் வேலையில் அவர் கைதேர்ந்தவர்; எனக்கோ ஸ்பானர் பிடிக்கத் தெரியாது. ஆனாலும், கல்லூரியில் உயர்தர விஞ்ஞானம் படிக்கும் மாணவர்கள் ஐவரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று வாக்களித்தேன். இவ்வாறு ஆரம்பித்தது எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் திருப்பணி.

பழுதுபார்க்குமுன் பொருளை அறியவேண்டும். ஆகவே முதற் சில வாரங்கள் பையன்களை ஸ்பானரைத் தொடவிடாமல், இந்த வண்டியின் ஜாதகத்தைத் தேடச் செய்தேன். இது கனடாவில் பிறந்தது. 1930களின் இறுதியில் பிரித்தானியப் படையின் தேவைக்கேற்ப வகுக்கப்பட்ட அமைப்பில், ஃபோர்ட், ஜெனரல் மோட்டர்ஸ் என்னும் இரு நிறுவனங்களின் கனடாத் தொழிற்சாலைகளும் இத்தகைய வண்டிகளைச் செய்து தள்ளின. யுத்த காலத்தில் கனடா செய்த இராணுவ வாகனங்கள் எல்லாமாக 8 இலட்சத்துக்கும் மேற்பட்டவை. சந்தையிலே போட்டியாளரான அவ்விரு நிறுவனங்களும் யுத்தத்துக்காக ஒரே முகவெட்டில் வண்டி செய்தன. உள்ளேயிருந்த எஞ்சின்தான் வேறு. ஃபோர்ட் வண்டிக்கு எட்டுச் சிலிண்டர். செவர்லே வண்டிக்கு ஆறு.

மாமாவின் லொறி செவர்லே இனத்தது. 3 தொன் சுமப்பது; வேண்டும்போது நான்கு சில்லுகளுக்கும் விசை செல்லும். எஞ்சின் 216 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 3.5 லீற்றர், வலு 85 குதிரை. அதன் முன்கண்ணாடியைப் பார்த்த பையன்கள் தலைகீழாகப் பூட்டிவிட்டார்கள் என்றே எண்ணினார்கள். மற்ற வண்டிகளின் கண்ணாடி மேற்புறம் பின்னே சாய்ந்திருக்க, இதன் கண்ணாடியோ கீழ்ப்புறம் உள்வாங்கிச் சரிந்திருக்கிறது. பிசகு ஒன்றுமில்லை. வெயில் பட்டுக் கண்ணாடி மினுங்கினால் மேலே பறக்கும் எதிரி விமானி கண்டுகொள்வான். சாரதிக்கும் கண் கூசும். அதனால் ஒளியைத் தரையை நோக்கித் திருப்பிவிடும் உபாயம் அது. பௌதிகப் பாடத்தில் ஒளித்தெறிப்பு விதியை நான் பத்து முறை சொல்லியும் மனத்தில் பதியாதது, அன்று ஒரே பார்வையில் அவர்களுக்குப் பதிந்துவிட்டது.

இந்த வண்டிக்கும் நம் தோட்டங்களுக்கும் உள்ள உறவு, மாமா அதில் ஏறிய நாளுக்கும் முந்தியது. 1942 பெப்ரவரி 15 ஆம் திகதி சிங்கப்பூர் வீழ்ந்தது. அடுத்த மாதத்தில் ஜாவாவும் போயிற்று. உலகத்து இயற்கை இறப்பரில் மிகப் பெரும் பங்கு ஜப்பானியர் கைக்கு மாறியது. நேச நாடுகளுக்கு எஞ்சிய பெரிய இறப்பர் நிலம் இலங்கைதான். ஏப்ரல் 5 ஆம் திகதி கொழும்பிலும், 9 ஆம் திகதி திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் டில்லியிலிருந்து பேராதனைக்கு வந்து சேர்ந்தது. இவற்றையெல்லாம் பாடப்புத்தகம் சொல்லும். அது அதிகமாகச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. அக்காலத்தில் இங்கே பால்மரங்களை அவற்றின் எதிர்காலத்தைப் பாராமல் வெட்டிப் பாலெடுக்கச் செய்தார்கள். அந்த முறைக்கு ஆங்கிலத்தில் இட்ட பெயரே ‘கொலை வெட்டு’ என்று பொருள்படும். விடியுமுன் எழுந்து, கையில் கத்தியும் இடுப்பில் வாளியுமாக அந்தப் பாலைச் சேர்த்தவர்கள் யார்? மாமாவின் தாயாரும் அவர்களில் ஒருவர். கனடாவிலே பிறந்த இந்த வண்டியின் சில்லுகள் கலவானைப் பாலில் உருண்டிருக்கவும் கூடும் என்று சொன்னபோது, மாணவன் ஒருவன் வெடித்துப்போன பழைய டயரைத் தடவிப் பார்த்தான்.

இனி வேலைக்கு வருவோம். வீட்டிலே இத்தகைய திருப்பணி செய்ய விரும்புவோர் இருக்கக்கூடும். ஆகையால் சற்று விவரமாகவே சொல்கிறேன்.

இறுகிய எஞ்சினைப் பார்த்ததும் அவசரக்காரர் செய்யும் முதற் பிழை, வண்டியைக் கயிறு கட்டி இழுப்பது. உள்ளே துருப்பிடித்து ஒட்டியிருக்கும் பிஸ்டன் அதனால் உடையும். மைத்துனர் அப்படிச் செய்யவில்லை. ஆறு பிளக்குகளையும் கழற்றி, மண்ணெண்ணெயும் எஞ்சின் எண்ணெயும் கலந்து ஒவ்வொரு துவாரத்திலும் ஊற்றினார். தினமும் மாலையில் முன்பக்கத்துக் கைப்பிடியை இருபுறமும் மெல்ல அசைப்பார், பலம் காட்டமாட்டார். பதினெட்டாம் நாள் அது ஒரு விரற்கடை நகர்ந்தது. அன்று அவர் வீட்டில் பாயசம்.

துருவை நீக்க நாங்கள் கையாண்டது மின்பகுப்பு. பிளாஸ்டிக் பீப்பாயில் தண்ணீர். நாலைந்து லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் சலவைச் சோடா. பற்றரிக்கு மின்னேற்றும் கருவி ஒன்று. துருப்பிடித்த உறுப்பை எதிர்முனையிலும், வேண்டாத இரும்புத் தகடு ஒன்றை நேர்முனையிலும் கட்டித் தொங்கவிட்டால், ஓரிரவில் துரு கறுத்துத் தளர்ந்துவிடும். பிரஷ்ஷால் தேய்த்தாற் போதும். இரண்டு எச்சரிக்கைகள்: அதிலிருந்து எழும் ஐதரசன் வாயு தீப்பற்றக்கூடியது, ஆகவே திறந்த வெளியிலேயே செய்யவேண்டும். நேர்முனைக்குத் துருப்பிடிக்காத உருக்கைப் பயன்படுத்தவே கூடாது. அதிலுள்ள குரோமியம் நஞ்சாக நீரில் கலக்கும். இரசாயன ஆசிரியர் ஒருவர் அருகே இருந்தால் நல்லது.

பழைய பிரேக்குகளைத் திறக்கும்போது அங்குள்ள தூசியை வாயால் ஊதக்கூடாது. அக்காலத்துப் பிரேக் லைனிங்கில் கல்நார் உண்டு. நுரையீரலுக்கு அது எமன். ஈரத்துணியால் துடைத்தெடுக்கவேண்டும். பிரேக் சிலிண்டரின் இறப்பர்க் குல்லாய்கள் ஊதிப் பெருத்திருப்பதைக் கண்டோம். எந்தக் காலத்திலோ ஒருவர் பிரேக் திரவம் கிடைக்காமல் எஞ்சின் எண்ணெயை ஊற்றியிருக்கிறார். கனிய எண்ணெய் பட்டால் இயற்கை இறப்பர் ஊதும். இறப்பர் நாட்டில் பிறந்தவர்கள் அறிந்திருக்கவேண்டிய விஷயம் இது. கியர்ப்பெட்டியைத் திறந்தால் எண்ணெய் பாலாக வெளுத்து வந்தது. 2017 வெள்ளத்தின் நீர் அங்கே குடியிருந்தது. உதிரி உறுப்புகளுக்காகப் பஞ்சிகாவத்தைக்கு மூன்று பயணம். அந்தக் காலத்துச் செவர்லே கார்களுக்கும் லொறிகளுக்கும் இதே எஞ்சின் குடும்பம் இருந்தபடியால், தேடியவை பெரும்பாலும் கிடைத்தன. மின்சாரம் மட்டும் தகராறு செய்தது. வண்டி 6 வோல்ற்று. இன்றைய வாகனங்களின் பற்றரியோ 12 வோல்ற்று.

இப்போது சொல்லப்போவது, நினைத்தால் இன்றும் என் வயிற்றைக் கலக்குகிறது.

ஒரு ஞாயிறு காலை, பின் சில்லைக் கழற்றும் வேலை. சில்லில் இரண்டு வட்டமாக நட்டுகள் இருந்தன. எல்லாவற்றின் மேலும் நீல வர்ணம் தடிப்பாக அப்பியிருந்தது. மைத்துனர் உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஒரு மாணவன் வெளிவட்டத்து நட்டொன்றில் ஸ்பானரை மாட்டிவிட்டான். திண்ணையில் அமர்ந்திருந்த மாமாவுக்குக் கண் தெரியாது. ஆனால் இரும்பின் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்தது.

“கையை எடு! அது சிவப்பு நட்டு!” என்று ஒரு கூச்சல் போட்டார். அவ்வளவு பலமான குரல் அவரிடம் இருந்தது என்பதை அன்றுதான் அறிந்தேன். பையன் வெலவெலத்துக் கையை எடுத்தான்.

விஷயம் இதுதான். இவ்வகை இராணுவச் சில்லின் விளிம்பு இரண்டு துண்டுகளாலானது. வெடித்த டயரைப் போர்க்களத்திலேயே எளிதாக மாற்றுவதற்காக அவ்வாறு செய்தார்கள். உள்வட்டத்து நட்டுகள் சில்லை அச்சோடு பிணைப்பவை, அவற்றைக் கழற்றலாம். வெளிவட்டத்து நட்டுகள் விளிம்பின் இரு துண்டுகளையும் சேர்த்துப் பிடிப்பவை. டயருக்குள் காற்று இருக்கும்போது அவற்றைத் தளர்த்தினால், அத்துண்டு பீரங்கிக் குண்டுபோல் பாய்ந்து எதிரே நிற்பவரைக் கொன்றுவிடும். இதனால்தான் அந்த நட்டுகளுக்கு மட்டும் சிவப்பு வர்ணம் பூசும் விதியைப் பிரித்தானியப் படையில் வைத்திருந்தார்கள். எங்கள் சில்லில் அந்தச் சிவப்பை, பின்னால் வந்த யாரோ ஒருவர் அழகுக்காக நீலத்தால் மூடிவிட்டார். நாங்கள் முந்திய வாரந்தான் கசிவு பார்ப்பதற்காக அந்த டயரில் காற்று அடித்திருந்தோம்.

அன்று வேலையை நிறுத்திவிட்டேன். மாணவர்களைக் கூட்டிச் சென்றவன் நான். அவர்களின் பெற்றோருக்குப் பதில் சொல்லவேண்டியவனும் நானே. தெரிந்தவர் அருகிலில்லாமல் எதையும் கழற்றக்கூடாது என்ற விதியைப் பையன்களுக்குச் சொல்லத் தவறிய குற்றம் என்னுடையது. வால்வுகளை நீக்கிக் காற்று முழுவதையும் இறக்கிய பிறகு, மாமா சொல்லச் சொல்ல, மைத்துனர் அந்த நீலத்தைச் சுரண்டினார். உள்ளேயிருந்து செந்நிறம் எட்டிப் பார்த்தது.

அந்த நாளிலிருந்து எங்களுக்கு வர்ணத்தைப் பற்றிய எண்ணம் மாறியது. அதுவரை அதை எவ்வளவு சீக்கிரம் உரித்தெறியலாம் என்றே பார்த்தோம். இப்போது, உரிக்குமுன் படிக்கவேண்டும் என்று தோன்றியது. பழைய வர்ணங்களில் ஈயம் கலந்திருக்கும். உலர்வாகத் தேய்த்தால் அத்தூசி உடம்பில் சேரும். ஆகவே முகமூடி அணிந்து, நீரில் நனைத்த உப்புத்தாளால், ஒரு கையகல இடத்தில் மட்டும் மெல்லத் தேய்த்தோம். மேலே தோட்டத்தின் நீலம். அதன்கீழ் இன்னொரு நீலம், சற்றே வெளிறியது. அதற்கும் கீழே காட்டுப் பச்சை. எஞ்சின் மூடியின் பக்கவாட்டில் அந்தப் பச்சையின்மேல் வெள்ளையால் எழுதிய ஓர் ஆங்கில எழுத்தும் சில இலக்கங்களும் மங்கலாகத் தெரிந்தன. எழுத்து ‘எல்’. பிரித்தானிய யுத்த இலாகா லொறிகளுக்கு இட்ட அடையாளம் அது. நட்சத்திரம் இருக்கிறதா என்று மூடியிலும் கதவுகளிலும் தேடிப் பார்த்தோம். எங்கும் இல்லை.

மைத்துனர் அதைப் பொருட்படுத்தவில்லை. “இல்லாவிட்டால் என்ன? நாம் போட்டுக்கொள்ளலாம்” என்றார்.

பிறகு சாரதிப் பக்கத்துக் கதவின் உட்புறத்துக்கு வந்தோம். அங்கே வர்ணத்தைக் கீறி, ஆணியால் இட்ட கோடுகள் இருந்தன. நான்கு நிமிர்ந்த கோடுகள், ஐந்தாவது குறுக்கே; இப்படிக் கட்டுக்கட்டாக. எண்ணினோம்: 47. அவற்றிலிருந்து ஒதுங்கி, கைப்பிடிக்கு அருகே தனியாக இன்னும் ஒரு கோடு. கொழுந்துக் கணக்கோ, பால் கணக்கோ என்று நான் நினைத்தேன். கோடுகளின்மேல் மாமாவின் விரலை வைத்துக் கேட்டேன்.

“அது கணக்குத்தான், மாப்பிள்ளை. ஊரைவிட்டுப் போன குடும்பக் கணக்கு” என்றார்.

மாணவர்களுக்காக இதைச் சற்று விளக்கவேண்டும். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 அக்டோபர் 30 ஆம் திகதி ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில், 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர் எனக் கணக்கிடப்பட்டவர்களில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பதென்றும், 3 இலட்சம் பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுப்பதென்றும் முடிவாயிற்று. மிஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரை 1974 ஆம் ஆண்டில் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டார்கள். போகவேண்டியவர்கள் கொழும்புக் கோட்டையிலிருந்து ரயிலில் தலைமன்னாருக்கும், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரத்துக்கும், பின் மண்டபம் முகாமுக்கும் போனார்கள். 1984 ஆம் ஆண்டில் அந்தக் கப்பற் போக்குவரத்து நின்றது. இங்கே எஞ்சிய நாடற்றோர் பிரச்சினைக்கு 2003 ஆம் ஆண்டின் சட்டமே முடிவு கண்டது.

சரித்திர வகுப்பில் இந்த எண்களை நானே கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஆனால் லயத்து வாசலிலிருந்து கொழும்புவரை அந்த மக்கள் எப்படிப் போனார்கள் என்று ஒருநாளாவது நினைத்ததில்லை. எங்கள் தோட்டத்து மக்கள் இந்த லொறியில் இரத்தினபுரிவரை போயிருக்கிறார்கள். தகரப்பெட்டி, அம்மி, சாமிப்படம், பாயில் சுருட்டிய துணிமணி எல்லாம் மேலே ஏறும். வழியனுப்ப வந்தவர்கள் கூடவே கொஞ்ச தூரம் ஓடுவார்களாம். நகரத்தில் இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பியதும், மாமா கதவில் ஒரு கோடு கீறுவார்.

“எதற்காகக் கீறினீர்கள், மாமா?” என்றேன்.

“பால் எத்தனை இறாத்தல், கொழுந்து எத்தனை இறாத்தல் என்றெல்லாம் கணக்கப்பிள்ளை எழுதினார். இதை யாரும் எழுதவில்லை” என்றார்.

தனியாக நின்ற கோடு அவருடைய அக்காவின் குடும்பம். 1971 ஆம் ஆண்டில் போனார்கள். நீலகிரியில், கூடலூர்ப் பக்கம், தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாட்டு அரசு அமைத்த தேயிலைத் தோட்டம் ஒன்றில் வேலை கிடைத்தது. சில கடிதங்கள் வந்தன. அக்காவை அவர் மறுபடி பார்க்கவில்லை.

அன்று மாலை மைத்துனரும் நானும் வெகுநேரம் பேசினோம். அதை வாக்குவாதம் என்றே சொல்லலாம். இராணுவப் பச்சை பூசினால்தான் விலை. கதவையும் சுரண்டிச் சமன் செய்து, நட்சத்திரம் வரைந்தால்தான் ஹோட்டல்காரருக்குத் திருப்தி. நான், “இந்த வண்டி யுத்தத்தில் இருந்தது சில வருஷம், தோட்டத்தில் உழைத்தது முப்பது வருஷத்துக்குமேல். எது இதன் உண்மையான நிறம்?” என்று கேட்டேன். அவர், “உங்களுக்கென்ன, மச்சான்! மாதம் பிறந்தால் சம்பளம். கதவிலிருக்கும் கோடு என் மகளுக்குக் கட்டணம் கட்டுமா?” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பிறர் சொத்தைப் பாதுகாக்கும்படி உபதேசிப்பது எளிது. அதன் செலவை ஏற்பவனுக்கே உபதேசம் செய்ய உரிமை உண்டு. நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆயினும் இந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதன்று. 1964 ஆம் ஆண்டில், அதாவது அந்த ஒப்பந்தம் நடந்த அதே ஆண்டில், பழைய கட்டடங்களைப் பேணுவோர் இத்தாலியின் வெனிஸ் நகரத்திலே கூடிச் சாசனம் ஒன்றை வகுத்தார்கள். பழைய சின்னத்தைப் பழுதுபார்க்கையில், அதில் சேர்ந்துள்ள எல்லாக் காலத்துப் பங்களிப்பையும் மதிக்கவேண்டும். ஊகம் தொடங்கும் இடத்தில் திருத்தும் கை நிற்கவேண்டும் என்பது அதன் சாரம். பிற்காலத்தில் பழைய மோட்டர் வாகனங்களுக்கும் இதே வழியில் ஒரு சாசனம் எழுந்தது. இதைக் கொண்டு பார்த்தால், எங்கள் லொறியில் இல்லாத நட்சத்திரத்தை வரைவது ஊகம்கூட அன்று, பொய். உள்ள கோட்டை அழிப்பது அதனினும் பெரிய பிழை.

முடிவைச் சொன்னவர் சாசனம் படித்தவரல்லர், மைத்துனரின் மகள். இரவு உணவு பரிமாறிக்கொண்டே, “அப்பா, ஹோட்டலுக்கு வருகிற வெள்ளைக்காரர் இது எங்கே சண்டை போட்டது என்று கேட்பார். அவர்களுக்கு என்ன சொல்வார்கள்? பெரிய பாட்டியை ஏற்றிக்கொண்டு போனது என்று சொல்வார்களா?” என்று கேட்டாள். மைத்துனர் பதில் சொல்லவில்லை. மறுநாள் கொழும்புக்குத் தொலைபேசியில் பேசி, விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டார். கட்டணத்துக்கு வேறு வழி பார்த்தார். அந்த வழியில் கடன் இருக்கிறது. இன்னும் அடைத்து முடியவில்லை. மறைக்காமல் சொல்லவேண்டியது என் கடமை.

லொறிக்குத் தோட்டத்தின் நீலமே பூசினோம். எஞ்சின் மூடியில் ஒரு சாண் அகலத்துக்கு நீலத்தைப் பூசாமல் விட்டு, யுத்த காலத்துப் பச்சையும் அந்த இலக்கமும் தெரியச் செய்திருக்கிறோம். வெளிவட்டத்து நட்டுகளுக்கெல்லாம் பளீரென்ற சிவப்பு. கதவின் உட்புறத்தை மட்டும் எவரும் தொடவில்லை; துரு பரவாதிருக்க மெல்லியதாக எண்ணெய் தடவியதோடு சரி.

சென்ற ஆயுதபூஜையன்று கைப்பிடியை மைத்துனர் சுழற்ற, மூன்றாம் சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு வந்த அந்தப் புகையில் பாதி கொட்டகையிலும் பாதி எங்கள் முகத்திலும் படிந்தது. பொதுவீதியில் ஓட்ட இன்னும் அனுமதிப்பத்திரம் இல்லை. ஆகையால் தோட்டப்பாதையில் மாரியம்மன் கோவில் மட்டும் போய்த் திரும்பினோம். மைத்துனர் ஓட்டினார். மாமா கிளீனர் இருந்த இடத்தில் அமர்ந்து, கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும், “மெதுவாக, மெதுவாக” என்று சொல்லிக்கொண்டே வந்தார். லயத்து வாசலில் நின்ற மூதாட்டி ஒருவர் வண்டியைக் கண்டதும் தலைமுந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் காரணம் கேட்கவில்லை.

மாணவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். உங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் லொறி இராது. ஒரு தகரப்பெட்டி இருக்கலாம். பால் வெட்டும் கத்தி, கொழுந்துக் கூடை, பழைய உலக்கை ஏதாவது இருக்கலாம். வருகிற விடுமுறையில் அவற்றைத் துடைத்துப் புதுக்க விரும்பினால், நல்ல காரியம், செய்யுங்கள். ஆனால் உப்புத்தாளைக் கையிலெடுக்குமுன், பெட்டியின் மூடியைத் திறந்து உட்புறத்தைப் பாருங்கள். அங்கே கோடோ, பெயரோ, திகதியோ இருந்தால், வீட்டில் மூத்தவர் ஒருவரை அழைத்து அது என்னவென்று கேளுங்கள். அவர் சொல்வதை ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். துடைப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.